கவுதாரியைக் காடை என்றவர்

ஈரம் சொட்டும் ஒரு கோணிப்பையும் அதன் வாயை இறுக்கியிருந்த நீல நைலான் கயிறும்தான் என் மாமனாரைப் பற்றிய என் முதல் தெளிவான நினைவு. அதற்கு முன்பும் அவரைப் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்து பெஞ்சில், பதிவு அலுவலக வாசலில். அந்த நாட்களில் நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கும் நிலையில் இல்லை. எண்ணூர் குப்பத்து வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரம். காலையில் கடலுக்குப் போகாமல் வேறெங்கோ போய்விட்டு வந்தவர், சமையல்கட்டு வாசலில் அந்தப் பையை இறக்கிவைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "காடை புட்ச்சாந்துகிறேன். அந்தப் பொண்ணுக்கு மீனு எறங்கல. இத்தயாவது ஆக்கிப் போடு."

உண்மையில் எனக்கு எதுவுமே இறங்கவில்லை. மீன் ஒரு சாக்கு. தண்டையார்பேட்டையில், டோல்கேட்டை ஒட்டிய தெருவில், என் அப்பா வத்தலும் புளியும் கருப்பட்டியும் மொத்தமாக விற்கும் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அதன்பின் சாத்தான்குளத்துப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊரிலிருந்து என்னையும் அண்ணனையும் அப்பா இங்கே அழைத்துவந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. என் தலையைப் பின்னிவிட்டதும் அவர்தான், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அந்த அப்பாதான், எங்கள் கடைக்கு எதிர் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த, கடலோடிக் குடும்பத்துப் பிள்ளையை நான் மணக்கப்போகிறேன் என்றதும், "எனக்கு இனி ஒரு பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டபோதும் என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி வந்த வீட்டில் சோறு எப்படி இறங்கும்.

பையிலிருந்து எடுத்து முறத்தில் போட்ட இரண்டு பறவைகளையும் பார்த்தேன். சாம்பலும் பழுப்புமாய், ஒரு வளர்ந்த கோழிக்குஞ்சு அளவுக்கு, மார்பெல்லாம் மெல்லிய வரி வரியாய். தொண்டையில் வெளிர்மஞ்சள் திட்டு; அதைச் சுற்றிக் கருப்பு நூலில் கோத்த மாலைபோல ஒரு கோடு. கால்கள் சிவந்திருந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் இவற்றைத் தெரியாத குழந்தை கிடையாது. அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நானாகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "மாமா, இது காடை இல்ல. கவுதாரி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானம்மா?" என்று கேட்டார். கேட்ட தொனியில், நான் பேசிவிட்டதில் ஒரு நிம்மதி இருந்தது. காடை இதில் பாதிகூட இருக்காது, உள்ளங்கையில் அடங்கிவிடும், அதன் கழுத்து தெரியவே தெரியாது என்று சொன்னேன். அதற்குள் மாமியார் ஒரு பறவையை அரிந்திருந்தார். கை சட்டென்று நின்றது. வயிற்றுக்குள் ஓடு கட்டி முடித்த ஒரு முட்டை இருந்தது. என் மாமியார் தம்பி மகளை மருமகளாக்க நினைத்திருந்தவர். நான் வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அரிவாள்மனையைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாயும் வவுறுமா இருந்துகீது. இத்தப் போய் புட்ச்சாந்துட்டாரு பாரு." அன்று அந்தக் கறியை யாரும் ஆக்கவில்லை. மாமனார் பறவைகளைப் பின்பக்கம் எடுத்துப்போய்ப் புதைத்தார். மாலையில், கண்ணி வைக்கும் நூல் அத்தனையையும் அடுப்பில் போட்டார். நைலான் கருகிய நாற்றம் வீடு முழுக்க நின்றது.

அதன்பின் அவர் பறவை பிடிக்கவில்லை. ஆனால் பார்க்கப் போனார். கடல் கொந்தளித்திருக்கும் நாட்களில், அல்லது வலை காயும் நாட்களில், முகத்துவாரத்தைத் தாண்டிப் படகில் காட்டுப்பள்ளிப் பக்கம் போவார். அங்கே அப்போது மணல்மேடுகளும் பனைகளும் முந்திரிப் புதர்களும் முள்ளுச் செடிகளும் நீண்டு கிடந்தன. கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் வறண்ட நிலம். மழை பெய்த மறுநாளே மணல் காய்ந்து பொடியாகிவிடும். அப்படிப்பட்ட இடம்தான் இந்த இரண்டு பறவைகளுக்கும் பிடிக்கும். திரும்பி வந்து, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்வார். எனக்கு மத்தி மீனுக்கும் கவலை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை அவர் சொல்லித் தருவார் என்று ஒப்பந்தம். பதிலுக்கு அவர் கொண்டுவரும் சந்தேகங்களை நான் தீர்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். விரட்டினால் கவுதாரி முதலில் ஓடத்தான் பார்க்கும், வேறு வழியில்லாதபோதுதான் பறக்கும் என்பதும், காடை காலடி வரும் வரை அசையாமல் கிடந்து காலுக்கடியிலிருந்து விர்ரென்று கிளம்பி, கொஞ்ச தூரத்தில் கல் விழுவதுபோலப் புல்லுக்குள் விழுந்துவிடும் என்பதும் தெரியும். முட்டையின் நிறம், அடைகாக்கும் காலம் போன்றவற்றை அவர் கேட்டபோது விழித்தேன். "எங்க அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அவர் பஸ் ஏறி டோல்கேட்டில் இறங்கி என் அப்பாவின் கடைக்குப் போயிருக்கிறார். என்னிடமோ என் கணவரிடமோ சொல்லவில்லை. போய்வந்த பிறகுதான் சொன்னார். கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றாராம். அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. காவல் நிலையத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்தானே. ஆனாலும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல, என்ன வேண்டும் என்று கேட்டாராம். இவர் புளி வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது கேட்டாராம்: "அண்ணாச்சி, வூட்ல ஒரே பேஜாரு. நான் ஒரு பட்சியப் பாத்துட்டு காடன்றேன். இல்ல, கவுதாரின்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான?"

அப்பா நெடுநேரம் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாராம். என் அப்பாவை எனக்குத் தெரியும். பகையாளியே ஆனாலும் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதை அவரால் தாங்க முடியாது. கடைசியில் துணியை வைத்துவிட்டு, "அது எப்படிவே ஒண்ணாவும்?" என்று ஆரம்பித்திருக்கிறார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கவுதாரி முட்டை வெளுப்பாக, ஒரே நிறமாக இருக்கும்; காடை முட்டையில் மை தெளித்த மாதிரி புள்ளி இருக்கும். கவுதாரி விடிகாலையில் ஊருக்கே கேட்கக் கத்தும், ஒன்று கத்தினால் அதன் ஜோடி பதில் கொடுக்கும். காடை இருக்கிற இடமே தெரியாமல் விட்டு விட்டுக் கூப்பிடும். கவுதாரி இரவில் முள் மரத்தில் ஏறிப் படுக்கும். காடை தரையிலேயே படுக்கும். புதர்க்காடையில் ஒரு ஜாதி உண்டு, அது கூட்டமாக வட்டம் போட்டு, வாலை உள்ளே வைத்து முகத்தை வெளியே வைத்துப் படுக்கும், எந்தப் பக்கம் நரி வந்தாலும் ஏதாவது ஒன்று பார்த்துவிடும். இதையெல்லாம் என் மாமனார் என் அப்பாவின் தெற்கத்திப் பேச்சைத் தன் நாக்கில் ஏற்றிச் சொல்லிக்காட்ட முயன்றார். "சொல்லுதேன் கேளும்" என்பது அவர் வாயில் "சொல்தேன் கேளும்" என்று வந்தது. மாமியார்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பல மாதங்களாகக் கேட்காத குரல் அது. ஒரு மீன்காரரின் தொண்டை வழியாக என்னிடம் வந்துகொண்டிருந்தது.

மறுவாரம் அவர் மீண்டும் போனார். மீண்டும், ஒரு பறவையைப் பார்த்ததாகவும் அது காடைதான் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா கோபித்துக்கொண்டு, "போன வாரம் இவ்வளவு சொன்னேனேவே" என்று முதலிலிருந்து விளக்கியிருக்கிறார். அதற்கடுத்த வாரமும் போனார். இப்படியே அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன், உங்களுக்குத்தான் இரண்டும் நன்றாகத் தெரிந்துவிட்டதே, போன மாதம் மழைக்குப் பின் காடைச் சேவலின் கருப்பு மார்பைக்கூடப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்களே, அப்பாவிடம் ஏன் இன்னும் தெரியாத மாதிரி நிற்கிறீர்கள் என்று. அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சிகினேன்னா அந்தாளு பேச்ச நிறுத்திடுவாரும்மா. அப்பறம் இன்னா சாக்கு வச்சிகினு நான் போறது?"

அந்தக் கடையில் என் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. "பொண்ணு எப்படி இருக்கா" என்று அப்பா கேட்டதில்லை. "நல்லாகீது" என்று மாமனாரும் தானாகச் சொன்னதில்லை. சொன்னால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கர்ப்பமானபோது மட்டும், பேச்சோடு பேச்சாக, வூட்ல புள்ளத்தாச்சி கீது, அதான் சீக்கிரம் கெளம்பணும் என்றிருக்கிறார். அப்பா அன்று கவுதாரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். அடுத்த வாரம் மாமனார் போனபோது, பண்ணைக் காடை முட்டைகள் அடுக்கிய ஒரு அட்டைப் பெட்டியும் பனையோலைக் கொட்டானில் கருப்பட்டியும் தயாராக இருந்தன. "புள்ளத்தாச்சிக்கு காடை முட்டை நல்லதுன்னு சொல்லுவாங்க. உம்ம வீட்டுல உள்ளவங்களுக்குக் குடும்" என்று வாசலைப் பார்த்தபடி சொன்னாராம். அந்தப் பெட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததாக மாமனார் சொன்னார். ஒன்றுகூட உடையவில்லை. மாமியார் அவித்து உரித்துத் தந்தார். ஓட்டில் இருந்த மை தெளித்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நான் தின்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கியது.

மகள் பிறந்தாள். அவள் நடந்தாள், பள்ளிக்குப் போனாள். காட்டுப்பள்ளிப் பக்கம் சாலை வந்தது, கம்பிவேலி வந்தது, அதன்பின் துறைமுகத்துச் சுவர் வந்தது. மாமனார் படகு விட்டு நடந்துபோன மணல்மேடுகளில் பாதி சுவருக்கு உள்ளே போய்விட்டது. முகத்துவாரத்தில் இறால் குறைந்தது. சேற்றில் கால் வைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலங்கியது. அவர் அதையெல்லாம் புலம்பலாகச் சொன்னதில்லை. "அந்தப் பக்கம் இன்னும் ஒரு ஜோடி கீது. காலைல கூப்புட்துங்க" என்பார். ஆனால் அவர் உடல் தளர்ந்துகொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். படகை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நெடுநேரம் மூச்சு வாங்கும். என் கணவர் எவ்வளவோ சொன்னார், நைனா, போதும், வீட்டில் இரு என்று. வீட்டில் இருந்தால் டோல்கேட்டுக்கு யார் போவது என்று சிரித்துவிடுவார்.

அந்த வருஷங்களில் இரண்டு பேருக்கும் இடையில் என்னதான் இருந்தது என்று யோசித்திருக்கிறேன். நட்பு என்று இருவருமே சொல்லியிருக்க மாட்டார்கள். என் அப்பா யாரோடும் நெருங்கிப் பழகாதவர். கடையில் அவர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்த ஆள் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மாமனார் அப்பாவைக் காட்டுப்பள்ளிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாங்க அண்ணாச்சி, நேர்ல பாத்து நீங்களே சொல்லுங்க என்று. கடையை யார் பார்ப்பார்கள் என்பதே அப்பாவின் ஒரே பதில். ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டு மாமனாரால் கிளம்ப முடியாமல் போனபோது, அப்பா மாடியைக் காட்டி, மேலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். மாமனார் எழுந்திருக்கவில்லை. "மருமவ ஏறாத படில நான் எப்டி ஏர்றது அண்ணாச்சி" என்றாராம். அத்தனை வருஷங்களில் அவர் என்னைப் பற்றி அந்தக் கடையில் நேரடியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது. அப்பா கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மழை நிற்கும் வரை இருவரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமனாரின் முகம் வாடியிருந்தது. "கெடுத்துட்டேன்மா. இனிமே சேக்கமாட்டாரு" என்றார். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணனிடமிருந்து என் கணவருக்குப் போன் வந்தது. அப்பா கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்கள் நைனாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கச் சொன்னார் என்று அண்ணன் சொன்னான். மாமனார் அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது தெருமுனையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்து நின்றபடி சொன்னார்: "ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வரச் சொல்லிகிறாரு. எல்லாரையும். உன்னியும்தாம்மா. உன் பேரச் சொல்லிச் சொன்னாரு."

அந்த வாரம் பீரோவிலிருந்த புடவைகளை எல்லாம் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மகளுக்குத் தாத்தாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மாமியார் நெத்திலிக் கருவாடு கட்டிவைத்தார், பிறகு அங்கே அதைச் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று அவிழ்த்துவைத்தார், மறுபடியும் கட்டினார். மாமனார் தனக்கென்று சட்டை வாங்குகிறவரே அல்ல. அவர் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தார். வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரத்தில், கரையில் படகை மேலேற்ற எல்லோரோடும் சேர்ந்து தோள் கொடுத்தவர், அப்படியே மணலில் உட்கார்ந்தார். மார்பைத் தடவிக்கொண்டாராம். பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விட்டார். அவருடைய கால்களில் இன்னும் ஈர மணல் ஒட்டியிருந்தது. மாமியார் அதைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் எடுப்பதாக இருந்தது. குப்பம் முழுவதும் எங்கள் வாசலில் இருந்தது. யாரும் கடலுக்குப் போகவில்லை. சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. முறைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடித் துணி கொண்டுவந்து போர்த்த, குப்பத்துப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கோடியும் யாருடையது, என்ன முறை என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் வீட்டு முறை, மச்சான் முறை, பங்காளி முறை. நான் பெண்கள் பக்கம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் திடீரென்று விலகியது. என் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன். அப்பாவுக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்த அப்பாவுக்குக் காதோரம் மட்டும்தான் நரை. கையில் ஒரு பெரிய ரோஜா மாலையும், கரை போட்ட புது வேட்டியும் இருந்தன. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

பெரியவருக்கு அவரைத் தெரியவில்லை. "ஐயா யாரு? இந்தக் கோடி இன்னா மொறைல வருது?" என்று கேட்டார். மேளம் நின்றிருந்தது. அப்பா என் மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டிருந்தோம். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சம்பந்தி."

பெரியவர் அதை வாங்கி உரக்கச் சொன்னார், சம்பந்தி வீட்டுக் கோடி என்று. மேளம் மறுபடி எழுந்தது. அப்பா குனிந்து வேட்டியைப் போர்த்தினார், மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் நீவிவிட்டார். மாலையைப் போட்டார். நிமிர்ந்தபோது கால் தடுமாறியது. நான் எழுந்து பிடித்துக்கொண்டேன். அத்தனை வருஷங்களுக்குப் பிறகு அப்பாவின் கையை நான் பிடித்தது அப்படித்தான். மிளகாய் வத்தலின் நெடி அந்தக் கையில் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். சாவு வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி. அவருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை என்று நினைக்கிறேன். மாமியார் அவரைப் பார்த்துக் கும்பிட்டு, "இந்தாளு வந்துட்டாரு பாரு, எய்ந்திரு, பட்சியப் பத்திக் கேளு" என்று மாமனாரின் தோளைப் பிடித்து உலுக்கி அழுதார். அதுவரை அழாமலிருந்தவர் அவர்.

ஆண்டுகள் போயின. அப்பா கடையை அண்ணனிடம் விட்டுவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மீன் சாப்பிடப் பழகிவிட்டார்; மாமியார் முள் எடுத்து வைத்தால்தான் சாப்பிடுவார். அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மாமனார் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை அப்பாவுக்கு யாரும் போட்டதில்லை, அவரும் அதில் உட்கார்ந்ததில்லை. முதல் சில வருஷம் அவர் மாமனாரைப் பற்றி எதுவுமே பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு என் அப்பா திரும்பக் கிடைத்ததற்கு நான் கொடுத்தது என் மாமனாரை. அப்படி ஒரு கணக்கு கிடையாது, அவர் எப்படியும் போயிருப்பார் என்று என் கணவர் சொல்வார். அறிவுக்கு அது புரிகிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து நான் பரிமாறிச் சாப்பிடுவதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போனது அறிவுக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. இரண்டு நாள் இருந்திருந்தால் போதும்.

போன மாசியில் அப்பா தானாகவே கேட்டார், மாமனார் பறவை பார்க்கப் போகும் இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று. அடுத்த ஞாயிறு என் கணவர் ஆட்டோ பேசி, அப்பாவையும் என்னையும் அழைத்துப்போனார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில் வெகுநேரம் ஊர்ந்து, சுவர் முடிந்து முள்ளுச்செடி தொடங்கும் ஓர் இடத்தில் இறங்கினோம். நைனா படகை இந்தப் பக்கம் விட்டுவிட்டு அந்த மேட்டில்தான் உட்காருவார் என்று என் கணவர் கை காட்டினார். மேடு இல்லை, சமமான தரை இருந்தது. அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு புதர் புதராகப் பார்த்தார். எதுவும் ஓடவில்லை, எதுவும் கூப்பிடவில்லை. லாரிகளின் சத்தத்தில் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. நாங்கள் வெயில் உறைக்கும் வரை நின்றோம். கிளம்பலாமா என்று கேட்டபோது, அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "எத்தனை தடவ கூப்பிட்டாரு தெரியுமா. கடையை யாரு பாப்பான்னு சொல்லிட்டேன். ஒரு நாள் அடைச்சுப் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என் கணவர் அவர் முதுகில் கை வைத்து, "வாங்க மாமா" என்று மெதுவாகத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் இலை போட்டு வைத்திருந்தார். சங்கரா மீன் குழம்பு. அப்பா கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். மாமியார் முள் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "பாத்தீங்களா அண்ணே? அதுங்க இன்னும் கீதா அங்க?"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்து ஒரு பொய் சொல்லி நான் என் அப்பாவைக் கண்டதில்லை. வியாபாரத்தில்கூட. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"பாத்தேம்மா" என்றார். "குஞ்சு குட்டியோட இருக்கு."

மாமியார் தலையாட்டினார். மீனை இலையில் வைத்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.